மலைக்கு வந்த வழி – 4: தலைமன்னார் மணல்முனை

சென்ற இதழில், கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் எங்கள் பொல்பிட்டியவில் கலந்து களனி கங்கையாகிற இடத்தில் நிறுத்தியிருந்தேன். அந்த ஆற்றோடு இறங்கிப் போனால் கொழும்பு முகத்துவாரத்தில் கடலைக் காணலாம். ஆனால் கோப்பிக் காலத்தில் இந்த மலைகளுக்கு உழைக்க வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆற்றோடு ஏறி வந்தவர்கள் அல்லர். அவர்கள் கண்ட கடல் வேறு, இறங்கிய கரை வேறு. அந்தக் கரையை எழுதாமல் மலையை எழுத எனக்கு மனமில்லை. ஆகவே இந்த இதழில் மலையை விட்டு இறங்கி, இலங்கையின் வடமேற்கு ஓரத்துக்குப் போவோம்.

எங்கள் அப்பாயி எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருடைய மாமியார் வழியாகக் காதில் விழுந்த ஒரு வரிதான் அவருக்குத் தெரிந்த வரலாறு. "காலு சுட்டுக்கிட்டே இருந்தா அது மன்னாரு. அட்டை ஏற ஆரம்பிச்சா மலை வந்துருச்சுன்னு அர்த்தம்." பொல்பிட்டிய மழையில், அடுப்படியில் குந்தியபடி அவர் இதைச் சொல்லும்போது சுடுகிற மணல் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. இங்கே பெய்கிற மழையில் நான்கில் ஒரு பங்குகூட மன்னாருக்குக் கிடைப்பதில்லை என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். அங்கே ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 1000 மில்லிமீற்றர். அதிலும் பெரும்பகுதி மாரியில் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும்.

மன்னார்த் தீவு வடமேற்குத் திசையில் நீண்டு கிடக்கும் ஒரு மணற்பட்டை. நீளம் சுமார் 26 கிலோமீற்றர். பெருநிலத்தை ஒட்டிய தென்கிழக்கு ஓரத்தில் மன்னார் பட்டினமும் கோட்டையும் இருக்கின்றன. மறு ஓரத்தில் கடலுக்குள் தலையை நீட்டிக்கொண்டிருப்பது தலைமன்னார். நிலப்படத்தில் தீவு அங்கே முடிந்துவிடுகிறது. நேரில் போய் நின்றால் முடிகிற இடம் எதுவென்று சொல்லவே முடியாது. மணல் தண்ணீருக்குள் இறங்குகிறது, சற்றுத் தள்ளி மறுபடி தலைகாட்டுகிறது, மறைகிறது, மறுபடி எழுகிறது. இப்படித் திட்டுத் திட்டாக, இந்தியக் கரையில் தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு ஒரே தொடர். சில இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். ஆழமான இடங்களிலும் 10 மீற்றரைத் தாண்டுவது அரிது.

இந்தத் தொடர் இரண்டு கடல்களைப் பிரிக்கிறது. வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கத்தில் வடக்கைப் பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். சோளகம் வீசும் மாதங்களில் தென்கடல் சீறும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கினால் நேர்மாறு. மீனவர் காற்றைப் பார்த்துக் கரை மாறுவார்கள். மணலும் அப்படித்தான். ஒரு பருவத்தின் நீரோட்டம் ஒரு பக்கம் வாரிக் குவித்ததை அடுத்த பருவம் மறுபக்கம் இழுத்துக்கொள்ளும். சென்ற ஆண்டு இருந்த திட்டு இந்த ஆண்டு அதே இடத்தில் இருக்கும் என்று யாரும் உறுதி கூறுவதில்லை.

உலகம் உறைந்திருந்த பனிக்காலத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்து கிடந்தது. அப்போது இங்கே கடலே இல்லை. யானையும் மனிதனும் நடந்து கடந்த தரை இது. பனி உருகி நீர் ஏறிய பிறகுதான் இலங்கை தீவானது.

இந்த மணல் தொடருக்கு இராமாயணம் வழியே சேது என்று பெயர். ஐரோப்பியர் நிலப்படங்களில் அது ஆதாமின் பாலம் ஆயிற்று. எங்களுக்கு இதில் ஒரு நெருக்கம் உண்டு. பொல்பிட்டியவுக்கு வரும் மஸ்கெலியா ஓயா சிவனொளிபாதமலைச் சரிவில் ஊறி வருவது. அந்த மலைக்கும் ஆதாமின் சிகரம் என்று பெயர். சுவனத்திலிருந்து ஆதம் நபி இந்த மலையில் இறங்கினார், பிறகு மணல் தொடர் வழியே பெருநிலத்துக்குக் கடந்தார் என்பது அரபு வணிகர் காலத்திலிருந்து வழங்கிவரும் நம்பிக்கை. மலையையும் முனையையும் ஒரே பயணத்தின் இரண்டு அடிகளாக யாரோ எப்போதோ பார்த்திருக்கிறார்கள். எங்கள் மக்களின் பயணம் அதே பாதையில் எதிர்த்திசையில் நடந்தது.

பெரிய கப்பல்கள் சேதுவைக் கடக்க முடியாது. அதனால் சரக்கை இறக்கி மாற்றி ஏற்றவேண்டிய இடமாக, தீவுக்கு எதிரே பெருநிலத்தில் மாந்தை எழுந்தது. சீனமும் பாரசீகமும் உரோமும் அங்கே விட்டுச் சென்ற ஓடுகளையும் மணிகளையும் அகழாய்வுகள் வெளிக்கொணர்ந்தன. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அந்தத் துறைக்குரிய கோயில். முத்துக்குளிப்பு தெற்கே அரிப்பு, சிலாபத்துறைக் கரைகளில் நடந்தது. கடவையையும் முத்தையும் கண்காணிக்க வசதியான இடம் என்பதால்தான் 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள். அதற்கு முன்பே, 1544இல், கிறிஸ்தவம் தழுவிய மன்னார் மக்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் படை வெட்டிச் சாய்த்தது. தோட்டவெளியில் அந்த வேதசாட்சிகளை இன்றும் வணங்குகிறார்கள். 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். மன்னர்களின் வரலாற்றை இதோடு விடுகிறேன். அது வேறு பல நூல்களில் விரிவாகவே இருக்கிறது. இந்தத் தொடருக்குரிய வரலாறு, கையில் ஒரு மூட்டையோடு வந்தவர்களுடையது.

1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். 1830களில் கோப்பி மலையெங்கும் பரவியது. ஆள் தேவைப்பட்டது. இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்துக் கிராமங்களில் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் ஒன்றாக இருந்தன. ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணம் கொடுத்தான். கண்டிச் சீமைக்குப் புறப்பட்டார்கள். தேவிபட்டினம், தொண்டி, பாம்பன் கரைகள் வரை நடை. அங்கிருந்து பாய்மரத் தோணி. காற்று ஒத்தால் தலைமன்னார், இல்லையென்றால் பேசாலை, வங்காலை, அரிப்பு என்று தள்ளிய கரையில் இறக்கிவிடப்பட்டார்கள்.

இறங்கியவர்கள் முதலில் தேடியது தண்ணீராகத்தான் இருக்கும். இந்த மணல் தீவுக்கு ஒரு குணம் உண்டு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் ஊடுருவிக் கிடக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்கிவிடும். நல்ல தண்ணீர் கனம் குறைந்தது, அதனால் மிதக்கும். ஆழம் குறைந்த குழி தோண்டினால் போதும், குடிக்கத் தக்க நீர் ஊறும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ, விடாமல் இறைத்தாலோ, கரிப்பு ஏறிவிடும். ஒரு தோணி ஆட்களுக்கு ஊறிய குழி அடுத்தடுத்து வந்து இறங்கும் நூறு பேருக்குப் போதுமா? குழம்பிய தண்ணீரைத் துணியில் வடித்துக் குடித்துவிட்டு நடந்தார்கள். வாந்திபேதி அவர்களோடு சேர்ந்து நடந்தது.

தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு 250 கிலோமீற்றருக்கு மேல். மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று அந்த வடபாதை காட்டின் நடுவே போனது. விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு நடக்க ஒருவருக்கும் தெம்பில்லை. கங்காணிக்கு நிற்க நேரமும் இல்லை. 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை, 1841 முதல் வந்தவர்களில் 70,000 பேர் இறந்திருப்பார்கள் என்று கணக்கிட்டது. அந்தக் கணக்கு கூடுதலா குறைவா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வாதம் தேவைதான். ஆனால் இறந்தவர்களை எண்ணக்கூட ஆள் வைக்காத ஓர் ஏற்பாட்டில் அவர்கள் வந்தார்கள் என்பதற்கு இந்த வாதமே சாட்சி. தோட்டத்தில் கோப்பி மரத்துக்குக் கணக்கு இருந்தது.

கோப்பிக் காலத்தில் பலர் பருவத்துக்கு வந்து, பழம் பறித்து முடிந்ததும் அதே வழியில் திரும்பி நடந்தார்கள். பெண்கள் குறைவு. 1869இல் இலைத்துரு நோய் கண்டது, கோப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை. வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். எடுக்கப் பெண்கள் வேண்டும். அவர்கள் தங்க லயம் வேண்டும். குடும்பங்கள் மலையில் தங்கிவிட்டது இப்படித்தான். திரும்பிப் போகும் வழியாகவும் இருந்த மணல்முனை, மெல்ல மெல்ல வந்த வழியாக மட்டுமே நினைவில் நின்றது.

1914இல் தலைமன்னாரின் முகம் மாறியது. அந்த ஆண்டு பெப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இந்தப் பக்கம் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் துறை வரை தண்டவாளம் வந்தது. தனுஷ்கோடித் துறைக்கும் தலைமன்னார்த் துறைக்கும் நடுவே நீராவிக் கப்பல். சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். போட்மெயில் என்று அதற்குப் பெயர். கடலைக் கடக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான். துரைமாருக்கும் வணிகருக்கும் அது சொகுசுப் பயணம். தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு முதலில் மண்டபம் முகாம். சில நாள் அடைத்து வைத்து, நோய் பார்த்து, அம்மை குத்தி, துணிகளைக் கொதிநீரில் போட்டெடுத்து அனுப்பினார்கள். தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டு கழுத்தில் தொங்கும். பேரைக் கேட்கவேண்டிய அவசியம் வழியில் யாருக்கும் இல்லை. தகரத்தைப் பார்த்தால் எந்தத் தோட்டத்துக்கு என்று தெரிந்துவிடும். தலைமன்னாரில் கோச்சி ஏறி, பொல்காவலையில் மாறி, மலைக்கு வந்தார்கள். எங்கள் அப்பாயி வந்தது இந்த வழியில், தாயின் இடுப்பில்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் டில்லியில் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார்கள். 9,75,000 பேர் என்று தலையை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. 1974இல் அந்த மிச்சத்தையும் 75,000, 75,000 என்று பாதி பாதியாகப் பங்கிட்டார்கள்.

ஒப்பந்தம் கைச்சாத்தாகி எட்டு வாரம் ஆகுமுன், டிசெம்பர் 22 இரவில் புயல் வந்தது. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலைப் பேரலை அடித்துப் போனது. துறையும் ஸ்டேசனும் கோயிலும் வீடுகளும் அழிந்தன. தலைமன்னார்க் கரையும் அடிபட்டது. 50 ஆண்டு ஓடிய போட்மெயில் வழி ஒரே இரவில் அறுந்தது. பிறகு இந்தியப் பக்கத் துறையை இராமேசுவரத்துக்கு மாற்றி, இராமானுஜம் என்ற கப்பலை விட்டார்கள். எங்கள் சனங்களை ஏற்றிச் சென்றது பெரும்பாலும் அந்தக் கப்பல்தான்.

மலையிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் விழுந்தது. பெரியப்பா குடும்பம் போன அன்று நான் அட்டன் ஸ்டேசனில் நின்றேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். பிளாட்பாரம் முழுக்கத் தகரப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் பெயரும் போகும் ஊரும் எழுதியிருந்தது. பல பெட்டிகளில் ஊர்ப் பெயர் எழுதிய இடத்தில் பெயின்ட் இருமுறை பூசியிருந்தது. முதலில் எழுதிய ஊரில் சொந்தக்காரர் யாரும் இல்லை என்று கடிதம் வந்ததும் அழித்து எழுதியது. பெரியப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தன் கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அப்பா கேட்டார், "அண்ணே, அங்க தேயிலை இருக்குமா?" பெரியப்பா, "எங்கயாவது இருக்கும்டா" என்றார். கோச்சி நகர்ந்தபோது எழுந்த சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஓட்டமாக ஓடிவந்த பெரியம்மா வயதுப் பெண்கள், சாவு வீட்டில் பாடுவது போலவே, உயிரோடு போகிறவர்களைப் பெயர் சொல்லி அழுதார்கள்.

பெரியப்பா பின்னர் கோத்தகிரிப் பக்கத்தில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய டான்டீ தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கத்தி அங்கே பயன்பட்டது. அர்த்தசாதகப் பணம் (ஊழியர் சேமலாப நிதி) கைக்கு வர வருடங்கள் ஆயின. இங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள்; அங்கே அவரைச் சிலோன்காரர் என்றார்கள். அவர் எழுதிய கடிதங்களில் தலைமன்னாரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. கப்பல் நகர்ந்ததும் எல்லோரும் மேல்தட்டில் கரையைப் பார்த்து நின்றார்கள், அது தாழ்வான கரை, சீக்கிரம் மறைந்துவிட்டது என்று.

உண்மையில் அது அப்படித்தான் மறையும். மலை என்றால் நெடுநேரம் கண்ணில் நிற்கும். தலைமன்னாரின் மணல் கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே கிடப்பது. சில மைல் போனதும் பனைமரங்களின் கொண்டை மட்டும் தண்ணீரில் முளைத்த மாதிரி தெரியும். பிறகு அதுவும் இல்லை.

இப்படி எங்கள் மக்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியா போய்ச் சேர்ந்தார்கள். 1984இல் கப்பல் நின்றது. உள்நாட்டு யுத்தம் முனையை மூடியது. பிறகு அதே மணலிலிருந்து, இரவில், படகில், ஈழத்துத் தமிழர்கள் அரிச்சல்முனையை நோக்கிப் போனார்கள். படகோட்டிகள் பலரை நடுத் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். குழந்தைகளோடு, வெயிலில், குடிக்கத் தண்ணீரின்றி, இந்தியக் கடலோரக் காவல் படையோ மீனவரோ வரும்வரை அந்த மணலில் காத்துக் கிடந்தார்கள். கரை சேர்ந்தவர்களை வைத்த முகாம் எது? ஒருகாலத்தில் எங்கள் பாட்டன்மாரை அடைத்து நோய் பார்த்த அதே மண்டபம் முகாம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி உள்ளிட்ட மன்னார்த் தீவு முஸ்லிம்கள் கையில் கிடைத்ததோடு படகேறிக் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். யார் யாரை விரட்டினாலும் விரட்டப்பட்டவர் நின்ற இடம் இந்தக் கடற்கரைதான். அதையும் சேர்த்து எழுதாவிட்டால் இந்த முனையின் வரலாறு நேர்மையாக இருக்காது. 2022 மார்ச்சில், அரிசியும் எரிவாயுவும் இல்லாமல் நாடு தவித்தபோது, மறுபடி குடும்பங்கள் படகேறின. மறுபடி அரிச்சல்முனைக்கு அருகே ஒரு திட்டில் இறக்கிவிடப்பட்டன.

2015 மார்ச் 14இல் இந்தியப் பிரதமர் மோடி வந்து கொடியசைத்து, தலைமன்னார் துறைக்குக் கோச்சி திரும்பியது. நான் அதில் போனேன். பொல்காவலையில் மாறி, மதவாச்சி தாண்டியதும் காடு குட்டையாகி, நிலம் வெளிறி, கடைசியில் உப்பு வெளி. தீவுக்குள் பனைகள், தெருவில் கழுதைகள், பள்ளிமுனையில் அரபியர் கொண்டுவந்து நட்டதென்று சொல்லப்படும் பருத்த பெருக்கமரம். துறையில் இறங்கினால் வெள்ளைக் கலங்கரை விளக்கம். அதன் அருகே பழைய இறங்குதுறை கடலுக்குள் நீண்டு பாதியில் நிற்கிறது. இரும்புத் தூண்கள் அலை தொடும் உயரத்தில் மட்டும் மெலிந்து, மேலும் கீழும் பருத்து, கரும்பைக் கடித்து வைத்தது போல இருக்கின்றன. பலகைகள் போன இடத்தில் குறுக்குச் சட்டங்கள் மட்டும். சட்டத்துக்குச் சட்டம் நீர்க்காகம் உட்கார்ந்திருந்தது. பெரியப்பா மிதித்த பலகை எதுவும் இப்போது இல்லை.

அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். மலையகம் என்றேன். "உங்கட ஆக்கள் ஏறேக்க நான் சின்னப் பெடியன் தம்பி. எங்கட வீட்டுக் கிணத்திலதான் தண்ணி அள்ளிக் குடுத்தம்" என்றார். மலைக்கும் இந்தக் கரைக்கும் நடுவே உறவு என்று ஒன்று இருந்ததை ஒரு மனிதர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கிணற்றைக் காட்டச் சொன்னேன். கூட்டிப் போனார். மூன்று முழம் ஆழம். சிறு வாளியில் மொண்டு தந்தார். லேசான சவர், ஆனால் குடிக்கலாம்.

2023இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து, யூலை 28இல் இந்த முனையிலிருந்து மக்கள் நடக்கத் தொடங்கினார்கள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று அதே வழி. ஓகஸ்ட் 12இல் மாத்தளை போய்ச் சேர்ந்தார்கள். வழியில் சிங்கள ஊர்களிலும் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள். 1840களில் அதே ஊர்கள் வாந்திபேதிக்குப் பயந்து கதவைச் சாத்தியவை. பயந்ததில் தவறில்லை, நோய் உண்மையாகவே வந்தது. 16 நாள் நடந்த எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி வந்து சொன்னது: "நமக்குச் செருப்பு இருந்துச்சு, வழியில பாட்டில் தண்ணி இருந்துச்சு. அப்படியும் காலு சுட்டுருச்சு."

தீவின் தென்கரையில் இப்போது 30 காற்றாலைகள் சுழல்கின்றன. தம்பபவனி என்ற அந்த நிலையம் 103.5 மெகாவாட் தரக்கூடியது. 1969இல் தொடங்கிய எங்கள் பொல்பிட்டிய மின்நிலையம் 75 மெகாவாட்டுக்குக் கட்டப்பட்டது. மலைத் தண்ணீரும் முனைக் காற்றும் ஒரே கம்பியில் போகின்றன. ஆனால் இன்னும் காற்றாலைகள் வருமென்றும், மணலில் உள்ள இல்மனைற்றைத் தோண்டுவார்கள் என்றும் மன்னார் மக்கள் கலங்கி நிற்கிறார்கள். 2025இல் வாரக்கணக்கில் தெருவில் இருந்து போராடினார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. மணலைக் கிளறினால் உப்புநீரின் மேல் மிதக்கிற அந்த மெல்லிய நல்ல தண்ணீர் எங்கே நிற்கும்? அணைக்கட்டுக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனதைப் பார்த்த மலைக்காரர்களுக்கு இது புரியாத கேள்வி இல்லை.

திரும்பும் கோச்சி ஏறுமுன் பெரியவர் ஒரு போத்தலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பித் தந்தார். மதவாச்சி வரை வைத்திருந்து குடித்தேன். வடபாதையில் அடுத்த கிணறு இருந்த இடங்களைத் தேடிக்கொண்டே போனேன். அவை அடுத்த இதழில்.

(தொடரும்)